கணைய அழற்சி: எதிர்ப்பு சக்தி கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா?

வாசகி ஒருவரின் கடிதம்:

"வணக்கம் டாக்டர். என் தம்பிக்கு 36 வயது. குடிப்பழக்கம் உண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் மேல்வயிற்றில் வலி என்று துடித்தான், முதுகு வரை இழுத்தது, வாந்தி நிற்கவில்லை. கணையத்தில் கடுமையான அழற்சி என்று ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் மூச்சுத் திணறி வென்டிலேட்டர் வைத்தார்கள், கிட்னியும் மந்தம் என்றார்கள். அப்போது பெரிய டாக்டர், 'இவருடைய எதிர்ப்பு அணுக்களே அளவுக்கு மீறி வேலை செய்து உடம்பைத் தாக்குகின்றன' என்றார். இப்போது வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள், ஆனால் காய்ச்சல் விடவில்லை. கேட்டால் 'எதிர்ப்பு சக்தி குறைந்து, கணையத்தில் கிருமி பிடித்துவிட்டது' என்கிறார்கள். முன்னால் கூடுதல், இப்போது குறைவு. எதை நம்புவது? கூடுதலாக இருந்தபோது அதை அடக்க ஏன் ஸ்டீராய்டு மாதிரி மருந்து கொடுக்கவில்லை? இப்போது குறைவு என்றால் நிலவேம்பு, கபசுரக் குடிநீர் ஏதாவது மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கலாமா? யூலினாஸ்டாடின் என்று ஒரு ஊசியைத் தினமும் வாங்கச் சொன்னார்கள், நாலு நாளுக்கு மேல் எங்களால் முடியவில்லை. அதனால்தான் இப்படி ஆனதோ என்று அம்மா அழுகிறார்."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மூக்குக் குழாய் வழியாக நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள். கஷாயம், மூலிகைச் சாறு, புரோட்டீன் பவுடர், ஏன் இளநீர்கூட, அங்கே இருக்கும் டாக்டரைக் கேட்காமல் அந்தக் குழாயில் இறங்கக் கூடாது. கிட்னி இன்னும் முழுசாகத் தேறாத ஒருவருக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியமே இதயத் துடிப்பைக் குழப்பிவிடும்.

அடுத்தது அம்மாவுக்கு. அந்த ஊசியை நிறுத்தியதால்தான் இப்படி ஆனது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன். இதைப் படிப்பதற்கு முன்னாலேயே அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். டாக்டர்கள் உங்களிடம் மாற்றிப் பேசவில்லை. இரண்டுமே உண்மை. உங்கள் தம்பியின் எதிர்ப்பு அணுக்கள் முதல் வாரத்தில் அளவு தெரியாமல் பாய்ந்ததும் உண்மை, இப்போது கிருமியைச் சமாளிக்கத் திராணி இல்லாமல் இருப்பதும் உண்மை. ஐ.சி.யூ. வாசலில் நின்றபடி இதை முழுசாக விளக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே படுத்திருக்கும் ஒரு சாண் நீள உறுப்பு. தினமும் ஒரு லிட்டருக்கு மேல் செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் புரதத்தைச் செரிக்கும் ட்ரிப்சின் என்ற நொதி முக்கியமானது. கணையத்துக்குள் இருக்கும்வரை அது ட்ரிப்சினோஜன் என்ற தூங்கும் நிலையில் இருக்கும், சிறுகுடலுக்குப் போன பிறகுதான் விழிக்கும். பித்தக்கல் குழாயை அடைத்தாலோ, சாராயம் கணையச் செல்லைக் கெடுத்தாலோ, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டி எகிறினாலோ, செல்லுக்குள் கால்சியம் தாறுமாறாக ஏறி, ட்ரிப்சின் இருந்த இடத்திலேயே விழித்துக்கொள்கிறது. கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது என்ற இந்த விளக்கத்தை 1896-லேயே பிராக் நகரில் இருந்த நோயியல் நிபுணர் ஹான்ஸ் கியாரி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நூறு வருஷம் எல்லோரும் ட்ரிப்சினையே துரத்திக்கொண்டு இருந்தார்கள். அதை முடக்கும் அப்ரோடினின், காபெக்ஸேட் போன்ற மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் எலிக்குப் பலித்தது, ஆஸ்பத்திரியில் மனிதருக்குப் பலிக்கவில்லை.

1988-ல் ஹைன்ஸ் ரிண்டர்க்னெக்ட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரையில் வேறு மாதிரி கேட்டார். கணைய அழற்சியில் ஆளைக் கொல்வது அந்த நொதிதானா, இல்லை, மிதமிஞ்சித் தூண்டப்பட்ட வெள்ளை அணுக்களா, அதாவது எதிர்ப்பு அணுக்களா? அப்போது அது ஊகம். 2011-ல் எலிகளை வைத்து நல்ல ஆதாரம் ஒன்று கிடைத்தது. எலியின் முக்கியமான ட்ரிப்சினோஜன் மரபணுவை நீக்கிவிட்டு, அதற்குக் கணைய அழற்சியை உண்டாக்கிப் பார்த்தார்கள். கணையச் செல்கள் சாவது பாதியாகக் குறைந்தது, ஆனால் அழற்சி குறையவே இல்லை. கணையத்திலும் சரி, நுரையீரலிலும் சரி, வெள்ளை அணுக்கள் வழக்கம்போல வந்து குவிந்தன. அதாவது ட்ரிப்சின் ஒரு பக்கம் தன் வேலையைச் செய்ய, அழற்சி அதற்காகக் காத்திராமல் தனியாகக் கிளம்பி ஓடுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் உங்கள் தம்பிக்கு நடந்த மற்றதெல்லாம் புரியும்.

அடிபட்ட கணையச் செல் சும்மா சாவதில்லை. தனக்குள் இருக்கும் என்.எஃப். கப்பா-பி என்ற சுவிட்சைப் போட்டு, 'இங்கே வாருங்கள்' என்று அழைக்கும் ரசாயனங்களை ரத்தத்தில் விடுகிறது. செத்து உடைந்த செல்லிலிருந்து டி.என்.ஏ. துணுக்குகள், ஹிஸ்டோன் புரதங்கள், எச்.எம்.ஜி.பி.-1 என்ற இன்னொரு புரதம், எல்லாம் வெளியே கொட்டுகின்றன. செல்லுக்குள் பத்திரமாக இருக்க வேண்டிய இவை வெளியில் மிதப்பதைக் கண்டால் எதிர்ப்பு அணுக்களுக்கு அது ஆபத்து மணி. அதிலும் செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. பாக்டீரியாவின் டி.என்.ஏ. போலவே இருக்கும், ஏனென்றால் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மைட்டோகாண்ட்ரியாவே ஒரு பாக்டீரியாவாக இருந்து செல்லுக்குள் குடியேறியதுதான். ஆகவே கிருமியே இல்லாத இடத்தில் கிருமி நுழைந்துவிட்டதாக உடம்பு முடிவு கட்டுகிறது. முதல் வாரத்தில் உங்கள் தம்பிக்குக் காய்ச்சல் அடித்து, வெள்ளை அணு எண்ணிக்கை ஏறியிருந்தால், அது பெரும்பாலும் இந்தப் பொய் எச்சரிக்கையால்தான். கிருமி என்ற பேச்சு அப்போது எழாததற்குக் காரணம் இதுவே.

முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில்கள். ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் இவைதான். எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது, ஆகவே ஆள் பலத்துக்குப் பஞ்சமே இல்லை. அழைப்பு போன சில மணி நேரத்தில் கணையத்துக்குள் நுழைந்து, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ஆயுதங்களை எடுத்துவிடுகின்றன. புரதத்தை அறுக்கும் எலாஸ்டேஸ் நொதி ஒன்று, பிளீச்சிங் பவுடர் வகையறா ஆக்சிஜன் ரசாயனங்கள் இன்னொன்று. இந்த ரசாயனங்கள் பக்கத்தில் நன்றாக இருக்கும் கணையச் செல்லிலும் ட்ரிப்சினை விழிக்க வைக்கின்றன. நியூட்ரோஃபில்களை முன்கூட்டியே நீக்கிய எலிகளில் ட்ரிப்சின் விழிப்பதே குறைந்துபோகிறது என்று பார்த்திருக்கிறார்கள். ட்ரிப்சின்தான் அணுக்களை வரவழைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம், வந்த அணுக்களும் ட்ரிப்சினைக் கிளப்பிவிடுகின்றன.

மூன்றாவது ஆயுதம் ஒன்று உண்டு, இது 2004-ல்தான் தெரியவந்தது. பெர்லினில் ஆர்டுரோ ஸிச்லின்ஸ்கியின் குழு கண்டுபிடித்தது. நியூட்ரோஃபில் தன் சொந்த டி.என்.ஏ.வையே வலைபோல வெளியே வீசி, அதில் எலாஸ்டேஸையும் ஹிஸ்டோனையும் கோத்து வைக்கிறது. கிருமி வந்தால் அந்த வலையில் சிக்கிச் சாகும். கணையத்தில் சிக்க ஒரு கிருமியும் இல்லை. அந்த வலைகள் திரண்டு சிறிய கணையக் குழாய்களையே அடைத்துக்கொள்கின்றன, பித்தக்கல் செய்த வேலையை உள்ளே உட்கார்ந்து இவை செய்கின்றன.

நியூட்ரோஃபிலுக்குப் பின்னால் மோனோசைட்டுகள் வரும். ரத்தத்தில் இருக்கும்வரை மோனோசைட், திசுவுக்குள் இறங்கிவிட்டால் மேக்ரோஃபேஜ். என்னைக் கேட்டால் இந்த நோயின் போக்கைத் தீர்மானிப்பது நியூட்ரோஃபிலைவிட இவைதான். குப்பை அள்ளுவது மேக்ரோஃபேஜின் வேலை, ஆகவே செத்த கணையச் செல்லையும் அதன் நொதிப் பொட்டலங்களையும் விழுங்குகிறது. விழுங்கிய பொட்டலம் மேக்ரோஃபேஜின் வயிற்றுக்குள்ளேயே ட்ரிப்சினாக விழிக்கிறது என்பதை ஜெர்மனியில் ஒரு குழு சில வருஷங்களுக்கு முன்னால் காட்டியது. விழித்த ட்ரிப்சினோடு அந்த மேக்ரோஃபேஜ் இன்னும் மூர்க்கமாகி டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்று அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களைக் கொட்டுகிறது. இன்டர்லூகின்-6 கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்தால் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை உற்பத்தி செய்கிறது. உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் அந்த எண் இருக்கும், எடுத்துப் பாருங்கள். வலி தொடங்கி 48 மணி நேர வாக்கில் அது லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், நோய் கடுமையான வழியில் போகலாம் என்று நாங்கள் உஷாராவோம். (வீட்டார் பெரும்பாலும் ரத்தத்தில் லைபேஸ், அமைலேஸ் என்ற கணைய நொதிகள் எவ்வளவு என்றுதான் தினமும் கேட்பார்கள். நோய் என்னவென்று கண்டுபிடிக்கத்தான் அவை உதவும், எவ்வளவு கடுமை என்று சொல்லாது. லைபேஸ் ஐயாயிரம் இருந்தவர் நாலு நாளில் வீட்டுக்குப் போவதும், ஆயிரம் இருந்தவர் வென்டிலேட்டருக்குப் போவதும் எங்களுக்குச் சாதாரணம்.)

வயிற்றில் வந்த நோய்க்கு நுரையீரல் ஏன் கெட்டது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருந்திருக்கும். கிராமத்தில் ஒரு கூரையில் நெருப்பு என்றதும் ஊரே ஓடிவந்து, அவசரத்தில் பக்கத்துக் கூரைகளையும் பிய்த்துப் போட்டுவிடுமே, அதுதான் இங்கே நடப்பது. சைட்டோகைன்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகின்றன. கணையத்திலிருந்து புறப்படும் ரத்தம் கல்லீரலைத் தாண்டினால், இதயம் வழியாக அடுத்து போய் நிற்பது நுரையீரலின் மெல்லிய நாளங்களில். அங்கே வெறியேற்றப்பட்ட நியூட்ரோஃபில்கள் ஒட்டிக்கொண்டு நாளங்களின் சுவரை ஓட்டையாக்குகின்றன. சுவர் ஒழுக ஒழுக, காற்று இருக்க வேண்டிய அறைகளில் நீர் கோக்கிறது. மூச்சு திணறுகிறது. அதே ஒழுகல் உடம்பு முழுக்க நடப்பதால் ரத்தக் குழாய்க்குள் நீர் குறைந்து, கிட்னிக்குப் போகும் ரத்தமும் குறைகிறது.

இந்த ஒழுகலால்தான் டிரிப்ஸ் விஷயத்திலும் எங்கள் புத்தி மாறியது. முன்பெல்லாம் கணைய அழற்சி என்றால் முதல் நாளே பாட்டில் பாட்டிலாக ஏற்றுவோம். 2022-ல் வந்த வாட்டர்ஃபால் என்ற ஆய்வில் 249 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வேகமாகவும் இன்னொன்றுக்கு மிதமாகவும் ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் திரவத்தை ஏற்றினார்கள். வேகமாக ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் தேங்கியது, மிதமாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம்தான். நோயின் கடுமையும் குறையவில்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 'ஒரு பாட்டில்தானே ஓடுது, ஏன் இவ்வளவு மெதுவா விடுறாங்க' என்று சொந்தக்காரர்கள் யாராவது குறை சொன்னால் பதில் இதுதான்.

இதெல்லாம் எல்லாருக்கும் வருவதில்லை. கணைய அழற்சி வரும் ஐந்து பேரில் நான்கு பேருக்கு ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும், அங்கேயும் நியூட்ரோஃபில் வரும், மேக்ரோஃபேஜ் வரும், வேலை முடிந்ததும் கலைந்துவிடும். நுரையீரலோ கிட்னியோ ரத்த அழுத்தமோ 48 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கெட்டிருந்தால்தான் கடுமையான அழற்சி என்று சொல்கிறோம், 2012-ல் திருத்திய அட்லாண்டா வரையறை இது. உங்கள் தம்பி அந்தச் சிறிய பிரிவில் மாட்டிக்கொண்டார், அதிலிருந்து வென்டிலேட்டரை விட்டு வெளியே வந்தும்விட்டார். அது சின்ன விஷயமே இல்லை.

அப்படியானால் அடக்க மருந்து ஏன் கொடுக்கவில்லை?

நியாயமான கேள்வி, உலகம் முழுக்கக் கேட்டுப் பார்த்த கேள்வியும்கூட. லெக்ஸிபஃபான்ட் என்று ஒரு மருந்து. அழற்சியைத் தூண்டும் பி.ஏ.எஃப். என்ற பொருளைத் தடுப்பது. ஆரம்பச் சோதனைகளில் நம்பிக்கை கொடுத்தது, 2001-ல் வெளியான 290 பேர் கொண்ட பெரிய சோதனையில் பயன் இல்லை என்று தெரிந்தது. ஸ்டீராய்டு வழக்கமான சிகிச்சையாக இன்றுவரை ஆகவில்லை. (ஆட்டோஇம்யூன் கணைய அழற்சி என்று ஒரு தனி வகை உண்டு, அதற்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். உங்கள் தம்பிக்கு நடந்தது அதுபோல் தெரியவில்லை.) டி.என்.எஃப்.ஐ முடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்றவற்றை வெளிநாட்டில் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சிக்கு வெளியே யாருக்கும் இன்று அதைக் கொடுப்பதில்லை.

ஏன் பலிக்கவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு காரணம். ஒன்று, நேரம். எலிக்கு நோயை உண்டாக்கும் நிமிஷத்திலேயே மருந்தும் கொடுக்கலாம். மனிதர் அப்படியா வருகிறார்? கேஸ் பிரச்சினை என்று சோடா குடித்து, பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டு, வாந்தி நிற்காமல், பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர ஒரு நாளோ ஒன்றரை நாளோ ஆகியிருக்கும். அதற்குள் மேக்ரோஃபேஜ்கள் சொல்ல வேண்டியதை உடம்பு முழுக்கச் சொல்லி முடித்திருக்கும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். கெடுக்கிற அணுக்களும் சரிசெய்கிற அணுக்களும் வேறு வேறு இல்லை. இன்று சைட்டோகைனைக் கொட்டும் மேக்ரோஃபேஜ்தான் அடுத்த வாரம் தன் குணத்தை மாற்றிக்கொண்டு, செத்த திசுவை அள்ளி, புதுத் திசு வளர ஆதரவு கொடுக்க வேண்டும். மொத்தமாக அடக்கினால் இரண்டும் போய்விடும்.

யூலினாஸ்டாடினுக்கு இங்கே வருகிறேன். ஜப்பானில் உருவான மருந்து, நம் நாட்டு ஐ.சி.யூ.க்களில் பரவலாகப் போடுகிறார்கள். ட்ரிப்சினையும், நியூட்ரோஃபிலின் எலாஸ்டேஸையும் முடக்கும். மேலே சொன்ன கதையைப் படித்துவிட்டு யோசித்தால் சரியான மருந்து என்றுதான் தோன்றும். ஆனால் கடுமையான கணைய அழற்சியில் உயிரைக் காக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிய, நல்ல சோதனை கிடையாது. அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டு நெறிமுறைகள் இதை வழக்கமான சிகிச்சையாகச் சொல்வதில்லை. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்ததில் தவறில்லை, நம்பிக்கையோடு பலரும் எழுதுகிறார்கள். ஆனால் தாலியை அடகு வைத்தாவது வாங்கியே தீர வேண்டிய மருந்து இல்லை. ஐந்தாம் நாள் ஊசி போடாததற்காக அம்மா அழ வேண்டியதில்லை.

இப்போது இரண்டாம் பகுதி. எதிர்ப்பு சக்தி குறைந்தது எப்படி?

அழற்சி பரவுவதைப் பார்த்து உடம்பு தானே பிரேக் போடுகிறது. இன்டர்லூகின்-10 போன்ற அடக்கும் பொருள்களைச் சுரக்கிறது. லிம்ஃபோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் பெருமளவில் செத்துக் குறைகின்றன. மோனோசைட்டின் மேல் எச்.எல்.ஏ.-டி.ஆர். என்று ஒரு புரதம் இருக்கும், பிடித்த கிருமியின் துண்டை மற்ற அணுக்களுக்குக் காட்டும் தாம்பாளம் அது. அந்தப் புரதம் மோனோசைட்டில் குறைந்துபோகிறது. மோனோசைட் இருக்கும், ஆனால் மந்தமாக இருக்கும். முதலில் அழற்சி, அது முடிந்த பிறகு மந்தம் என்று பாடப்புத்தகத்தில் இரண்டு படிகளாகப் படம் போட்டிருப்பார்கள், நாங்களும் வீட்டாருக்கு அப்படித்தான் சொல்கிறோம், சுலபமாகப் புரியும் என்பதால். உண்மையில் இரண்டும் ஆரம்ப நாட்களிலேயே சேர்ந்து ஓடுகின்றன. உறுப்புகள் கெடப்போகிற நோயாளிகளில் எச்.எல்.ஏ.-டி.ஆர். முதல் ஓரிரு நாட்களிலேயே இறங்கிவிடுகிறது. உங்கள் தம்பி வென்டிலேட்டரில் இருந்தபோதே ஒரு பக்கம் பாய்ச்சலும் இன்னொரு பக்கம் மந்தமும் இருந்திருக்கும். பாய்ச்சல் அடங்கிய பிறகுதான் மந்தம் வெளியே தெரிகிறது.

அந்த மந்தமான நேரத்தில் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது? ரத்த ஓட்டம் நின்று செத்துப்போன கணையத் திசு. அதற்கு நாலு விரல் தள்ளி, பாக்டீரியா நிறைந்த குடல். முதல் வாரத்தில் ரத்தம் சரியாகக் கிடைக்காமல் குடலின் உட்சுவரும் நலிந்திருக்கும். குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை, கிளெப்சியல்லா போன்றவை சுவரைத் தாண்டி, கேட்க ஆளில்லாத அந்தச் செத்த திசுவில் குடியேறுகின்றன. இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள்தான் பெரும்பாலும் இது நடக்கும். உங்கள் தம்பி இருப்பது சரியாக அந்தக் காலத்தில். இப்போது கொடுக்கும் ஆன்டிபயாடிக் தேவையானது. கிருமி வருவதற்கு முன்பே தடுப்பாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில்தான் பலன் கிடைக்கவில்லை, ஆகவே முன்னமே ஏன் கொடுக்கவில்லை என்று யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

மூக்குக் குழாய் வழியாகத் திரவ உணவு கொடுப்பது பசிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். குடலுக்குள் உணவு போனால் குடல் சுவர் உயிரோடு இருக்கும், கிருமி தாண்டுவது குறையும். ரத்தக் குழாய் வழியாக மட்டும் ஊட்டச்சத்து கொடுப்பதைவிட இப்படிக் கொடுத்தவர்களில் தொற்றும் இறப்பும் குறைவு என்பது பல சோதனைகளில் தெரிந்த விஷயம். என் கணக்கில், உங்கள் தம்பியின் எதிர்ப்பு சக்திக்கு இன்று கொடுக்கக்கூடிய மிக நல்ல மருந்து அந்தக் குழாய் உணவுதான்.

அப்புறம் நிலவேம்பு. கோவிட் வந்த நாளிலிருந்து 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று எழுதி ஒட்டினால் எதையும் விற்கலாம் என்றாகிவிட்டது, எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். எதிர்ப்பு சக்தி என்பது ஒரே ஒரு குமிழ் இல்லை, இந்தப் பக்கம் திருகினால் கூட, அந்தப் பக்கம் திருகினால் குறைய. அதில் எந்த அணுவை, எந்த நாளில், எவ்வளவு தூண்டுவது? கஷாயத்தை விடுங்கள், முறையாகத் தயாரித்த மருந்திலேயே இது முடியவில்லை. சீனாவில் தைமோசின் ஆல்ஃபா-1 என்ற, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் ஊசியை 508 நோயாளிகளிடம் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். கணையத்தில் கிருமி பிடிப்பதை அது குறைக்கவில்லை.

இன்னொரு சோதனை எங்கள் துறையில் யாரும் மறக்காதது. நெதர்லாந்தில் 2008-ல் வெளியான ப்ரோபட்ரியா. நல்ல பாக்டீரியா கொடுத்தால் கெட்ட பாக்டீரியா அடங்கும் என்று, கடுமையான கணைய அழற்சி வரக்கூடிய 296 பேரில் பாதிப் பேருக்குக் குழாய் வழியாக ப்ரோபயாடிக் கொடுத்தார்கள். தயிரில் இருப்பது மாதிரியான பாக்டீரியாக்கள்தான், யாருக்கும் சந்தேகமே வராது. ப்ரோபயாடிக் எடுத்தவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் 6 சதவீதம். ஒன்பது பேருக்குக் குடலுக்கு ரத்தம் போகாமல் குடலே கெட்டது, மற்ற பிரிவில் ஒருவருக்குக்கூட அப்படி ஆகவில்லை. ஆரோக்கியமானவருக்கு ஒன்றும் செய்யாத பொருள், நலிந்த குடலுக்குள் போனபோது ஆளைக் கொன்றது. இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது என்ற பேச்சை இந்த நோயில் நான் ஏற்றுக்கொள்ளாததற்கு இந்தச் சோதனைதான் காரணம். வீடு திரும்பி, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு சித்த மருத்துவரைப் பார்க்க விரும்பினால் பாருங்கள், இப்போது வேண்டாம்.

இனி என்ன செய்வார்கள்? ஸ்கேன் எடுத்து, செத்த திசுவைச் சுற்றி ஓர் உறை உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது கெட்டியாக நாலு வாரம் வரை ஆகும். ஆன்டிபயாடிக்கில் நோயாளி தாக்குப்பிடித்தால் அதுவரை காத்திருக்கலாம், உடனே குழாய் வைப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று 2021-ல் வந்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வு காட்டியது, அதில் காத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குக் குழாய் வைக்காமலேயே சரியானது. காத்திருக்க முடியாவிட்டால் முதலில் தோல் வழியாகவோ, எண்டோஸ்கோப்பி மூலம் இரைப்பை வழியாகவோ ஒரு குழாய் வைத்து சீழை வடிப்பார்கள், அது போதாவிட்டால்தான் அடுத்த படி. வயிற்றைத் திறந்து சுரண்டி எடுக்கும் பழைய ஆபரேஷன் இப்போது கடைசிப் போக்கிடம். 'கிருமி இருக்குன்னு சொல்லிட்டு ஒண்ணும் செய்யாம உட்கார்ந்திருக்காங்க' என்று தோன்றும் நாட்கள் வரும். அந்த நாட்களில் உள்ளே அந்த உறையைக் கட்டிக்கொண்டிருப்பவற்றில் மேக்ரோஃபேஜ்களும் உண்டு. முதல் வாரத்தில் நுரையீரல் வரை கலவரம் செய்த அதே இனம்தான். அது கட்டி முடித்தால்தான் எங்கள் ஆட்கள் பத்திரமாக உள்ளே போக முடியும்.

நாளை டாக்டரைப் பார்க்கும்போது இவற்றை மட்டும் கேளுங்கள். ரத்தக் கல்ச்சரில் என்ன கிருமி வந்தது, ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்கிறதா? சிறுநீர் எவ்வளவு போகிறது, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இறங்குகிறதா? குழாய் உணவு தங்குகிறதா? பித்தப்பையில் கல் உண்டா என்று அல்ட்ராசவுண்ட் பார்த்தாயிற்றா? குடிப்பவர் என்று தெரிந்ததும் கல்லைத் தேடாமல் விட்டுவிடுவது நடக்கும், இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். ட்ரைகிளிசரைடு அளவையும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயம். இந்த முறை ஆறினாலும், அடுத்த முறை குடித்து இன்னொரு தாக்குதல் வந்தால், மேக்ரோஃபேஜ்கள் ஆற்றும் வேலையை மிதமிஞ்சிச் செய்யத் தொடங்கும். அவை கொடுக்கும் சமிக்ஞையில் கணையத்தில் இருக்கும் நட்சத்திர வடிவச் செல்கள் தழும்பு நாரைப் பின்னிக்கொண்டே போகும், கணையம் கொஞ்சம் கொஞ்சமாக நாராகும். நாட்பட்ட கணைய அழற்சி என்பது அதுதான். சிகரெட்டும் இதைத் தனியாகவே செய்யும், குடியை விட்டுவிட்டு சிகரெட்டைப் பிடித்துக்கொள்வதில் லாபமில்லை. 'குடிக்காதே' என்று டிஸ்சார்ஜ் அன்று ஒருமுறை சொல்லி அனுப்புவது போதாது. பின்லாந்தில் 2009-ல் வெளியான சோதனையில், குடியால் கணைய அழற்சி வந்தவர்களில் ஒரு பிரிவுக்கு ஆஸ்பத்திரியில் ஒருமுறை மட்டும் ஆலோசனை, இன்னொரு பிரிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வரவழைத்து நர்ஸ் உட்கார்ந்து பேசினார். இரண்டு வருஷத்தில் நோய் திரும்ப வந்தவர்கள் இரண்டாவது பிரிவில் பாதிக்கும் குறைவு. ஆகவே உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, வேறு எங்கேயோ, தம்பிக்குத் திரும்பத் திரும்பப் போக ஓர் இடம் இப்போதே பார்த்து வையுங்கள். அதே ஆறு மாதக் கணக்கில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள், கணையத்தில் இவ்வளவு திசு போனவர்களில் கணிசமானவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும். மலம் எண்ணெய்ப் பசையாகப் போய், சாப்பிட்டும் எடை குறைந்தால் நொதி மாத்திரை தேவைப்படும், அதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.